அம்மாவுக்குப் போன் வாங்கும் பிள்ளைகளுக்கு

கொழும்பிலும் கட்டுநாயக்கவிலும் பியகமவிலும் வேலை செய்யும் மலையகத்துத் தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும்,

தீபாவளிக்கும் பொங்கலுக்கும் தோட்டத்துத் திருவிழாவுக்கும் நீங்கள் ஊருக்கு வரும்போது முன்பெல்லாம் அம்மாவுக்கு ஒரு சேலையும் அப்பாவுக்கு ஒரு சாரமும் கையில் இருக்கும். இப்போது அவற்றோடு ஒரு போன் பெட்டியும் வருகிறது. ஹட்டன் பஸ்ஸில் அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வரும் பிள்ளைகளைப் பார்க்க மனசு நிறைகிறது. மாதாமாதம் சம்பளத்தில் எடுத்து வைத்தோ, கடையில் தவணைக்கு எழுதிக் கொடுத்தோ வாங்கியிருப்பீர்கள். உங்கள் அன்பில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. நீங்கள் போனைத் தெரிவு செய்யும் விதத்தைப் பற்றித்தான் இந்த மடல்.

அண்மையில் எங்கள் லயத்தில் ஒரு அம்மாவுக்கு அவர் மகன் கொண்டுவந்த பெட்டியைப் பிரிக்கும்போது நானும் கூட இருந்தேன். சாம்சங் கேலக்ஸி ஏ17. 2025 ஆகஸ்டில் வெளிவந்த மாடல். நடுத்தர விலையில் வாங்குகிறவர்களை நினைத்துச் செய்தது. கையில் எடுத்ததும் அழகாகத்தான் இருக்கிறது. 7.5 மில்லிமீட்டர் தடிப்பு, 192 கிராம் எடை, 6.7 அங்குலத் திரை. நிறங்கள் பளிச்சென்று தெரிகின்றன. விரலால் தள்ளினால் திரை வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. முன்பக்கம் கொரில்லா கிளாஸ் விக்டஸ். 50 மெகாபிக்சல் கேமராவில் கை நடுக்கத்தைச் சமாளிக்கும் ஏற்பாடும் உண்டு. 5,000 மில்லி ஆம்பியர் மணி பேட்டரி. எல்லாவற்றிலும் எனக்குப் பெரிதாகப் பட்டது, 6 வருடங்களுக்கு மென்பொருள் புதுப்பிப்பு தருவதாக நிறுவனம் சொல்லியிருப்பதுதான். ஒரு போனை ஆறேழு வருடம் வைத்துப் பாவிக்கும் வீடுகளுக்கு, கேமராவின் மெகாபிக்சலை விட இந்த வாக்குறுதி பெறுமதியானது. பெட்டிக்குள் சார்ஜர் இல்லை, வயர் மட்டும்தான். இயர்போன் குத்தும் வட்டத் துளையும் இல்லை. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

மகன் ஒவ்வொன்றாகக் காட்டக் காட்ட அந்த அம்மா பார்த்துக்கொண்டே இருந்தார். பேரப்பிள்ளையின் படம் திரை முழுக்க வந்தபோது முகம் மலர்ந்தது. பிறகு போனைக் கையில் வாங்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இத எங்க வச்சிக்கிறது தம்பி?" என்று கேட்டார்.

இந்த மடலை எழுத வைத்தது அந்தக் கேள்வி. ஒரு போனைப் பற்றி நான் கேட்ட விமர்சனங்களில் இதைப் போல நேராக விஷயத்துக்கு வந்தது வேறில்லை. கொழுந்து எடுக்கப் போகும் பெண்ணுக்குச் சட்டைப் பை கிடையாது. இடுப்பில் படங்கு இறுகக் கட்டியிருக்கும். முதுகில் கூடை, நெற்றியில் அதன் கயிறு. போனைச் சுருக்குப் பையில் போட்டு இடுப்பில் செருக வேண்டும், இல்லையென்றால் ரவிக்கைக்குள். 6.7 அங்குலப் போன் இரண்டிலும் அடங்காது. செடிக்கு மேலே சாய்ந்து எட்டும்போது தேயிலை வாதுகள் இடுப்பில்தான் வந்து அழுத்தும். செங்குத்தான மலையில் கால் வழுக்கி உட்கார்ந்தால் முதலில் அடிபடுவதும் அந்த இடம்தான். கடைக்காரர் பெருமையாகச் சொல்லும் மெல்லிய உடம்பும் அகன்ற திரையும் இங்கே குறையாகிவிடுகின்றன. இன்றைக்குக் கடைக்குக் கடை இந்த அளவுப் போன்தான் கிடைக்கிறது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் கொஞ்சம் சிறியது, ஓரம் தடித்தது, வழுக்காத முதுகுள்ளது என்று கேட்டுப் பாருங்கள். உறை வாங்கும்போதாவது மூலைகள் தடித்த ரப்பர் உறையாகப் பார்த்து வாங்குங்கள். கண்ணாடி போல மினுங்கும் உறை ஈரக் கைக்கு ஆகாது.

ஈரம் என்றதும் தொடுதிரையைப் பற்றிச் சொல்ல வேண்டும். திரையின் கண்ணாடிக்குக் கீழே, கண்ணுக்குத் தெரியாத மின்கடத்திக் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. விரல் பட்டதும் அந்த இடத்தில் மின்னேற்றம் மாறுகிறது. போன் அதை அளந்து, தொட்ட இடத்தைக் கண்டுபிடிக்கிறது. தண்ணீரும் மின்சாரத்தைக் கடத்தும். ஆகவே திரையில் மழைத்துளி விழுந்தால், எது விரல், எது துளி என்று போனுக்குத் தெரியாமல் போகிறது. தானாக ஏதோ திறக்கும், எடுக்க வேண்டிய அழைப்பு துண்டிக்கப்படும். இன்னொரு பக்கம், விரல் நுனியின் தோல் தடித்துக் காய்ந்து போயிருந்தால் மின்னேற்ற மாற்றம் குறைவாக இருக்கும். தொட்டாலும் போன் உணராது. மழையும் காய்த்துப்போன விரலும் ஒன்றாகச் சேரும் இடம் நம்முடைய மலைகள். மே மாதம் தொடங்கினால் ஹட்டன், டிக்கோயா, மஸ்கெலியா, நோர்வூட் பக்கம் செப்டெம்பர் வரை ஈரம் காயாது. அந்த மாதங்களில் மலையில் நிற்கும் உங்கள் அம்மா, நீங்கள் அழைக்கும்போது ஏன் எடுக்கவில்லை என்று நினைக்கிறீர்கள்? விரலைத் துடைக்கக் காய்ந்த துணி ஒன்று அவரிடம் இருக்காது.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. ஒன்பிளஸ் 12 மாடலில் ஈரத்திலும் தொடுகையைச் சரியாக உணரும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தார்கள். ரியல்மீ தன் நடுத்தர விலைப் போன்களிலும் அப்படி ஒன்றைத் தந்திருக்கிறது. சில போன்களில் தொடுதிரையின் உணர்திறனைக் கூட்டும் தெரிவு அமைப்புகளுக்குள் இருக்கும். கையுறை போட்டவர்களுக்காகவும் திரைக்கு மேல் கண்ணாடி ஒட்டியவர்களுக்காகவும் வைத்தது, நம் அம்மாமாருக்கும் உதவும். அதைத் தேடிப் போட்டுவிடுங்கள். நம்முடைய பெண்கள் போனைப் பொலித்தீன் பையில் சுற்றி வைப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மெல்லிய பொலித்தீனுக்கு மேலாகத் தொட்டாலும் திரை வேலை செய்யும் என்பதைத் தாங்களாகவே கண்டுகொண்ட கெட்டிக்காரிகள் அவர்கள். ஆனால் உடம்புச் சூட்டில் இருந்த பையைப் பனிக்குள் வெளியே எடுத்தால் உள்ளே நீர் முத்து முத்தாகக் கோக்கும். பைக்குள் சிறு துணித்துண்டு ஒன்றைச் சேர்த்து வைக்கச் சொல்லுங்கள்.

பெட்டியில் ஐபி54, ஐபி68 என்று போட்டிருப்பதைக் காட்டி, "தண்ணிக்கு ஒண்ணும் ஆகாது" என்று கடையில் சொல்வார்கள். முதல் எண் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. தண்ணீர்க் கணக்கில் 4 என்றால் எந்தப் பக்கமிருந்து சிதறினாலும் தாங்கும் என்று பொருள், அவ்வளவுதான். ஏ17க்கும் அந்த 54தான். ஆய்வுகூடத்தில் சில நிமிடம் சுத்தமான தண்ணீரைத் தெளித்துப் பார்த்துத் தரும் எண் அது. காலை ஏழரையிலிருந்து மாலை வரை படங்குக்குள் ஊறும் ஈரத்துக்கு யாரும் எண் தரவில்லை. 68 போட்ட போன் இதைவிட நன்றாகத் தாங்கும், விலையும் கூட. எதுவானாலும் போன் பழசாகப் பழசாக அதன் இணைப்புப் பசை தளர்ந்து அந்தத் தாக்குப்பிடிப்பும் குறையும். தண்ணீர் போன போனை உத்தரவாதத்துக்குள் பெரும்பாலும் எடுக்க மாட்டார்கள். நனைந்துவிட்டால் அரிசிக்குள் புதைக்க வேண்டாம், அடுப்போரம் வைக்கவும் வேண்டாம். அணைத்து, துளை கீழே இருக்கும்படி காற்றோட்டமான இடத்தில் வைக்க வேண்டும். காயும் வரை சார்ஜரில் குத்தக் கூடாது. இதை அம்மாவிடம் வாயால் சொல்லிவிட்டுப் போங்கள், எங்கும் எழுதி ஒட்ட வேண்டியதில்லை.

கைரேகைப் பூட்டு பற்றி ஒன்று. எந்த நிறுவனத்தின் போனானாலும் இது பொருந்தும். கொழுந்து கிள்ளும் பெருவிரலையும் ஆட்காட்டி விரலையும் கொஞ்சம் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தேயிலைக் கறை தோலுக்குள் இறங்கிக் கறுத்திருக்கும். ரேகைகள் தேய்ந்திருக்கும், குளிர் மாதங்களில் குறுக்கே வெடிப்பு ஓடும். கைரேகை படிக்கும் கருவி ரேகையின் மேடு பள்ளங்களைத்தான் தேடுகிறது. இன்று பதிந்த விரல் அடுத்த வாரம் புது வெடிப்போடு வந்தால், அது வேறு ஆளின் விரல் என்று மறுத்துவிடும். பலமுறை மறுத்த பிறகு போன் பூட்டிக்கொள்ளும், பிறகு பக்கத்து வீட்டுப் பொடியனைத் தேடிப் போக வேண்டும். நெற்றி வரை துண்டைப் போர்த்திய முகத்தை விடியற்காலை இருட்டில் முகப்பூட்டும் சரியாக அறியாது. கைரேகை போட்டே ஆக வேண்டுமென்றால் அதிகம் தேயாத விரலைப் பதியுங்கள், சுண்டுவிரலென்றாலும் பரவாயில்லை. இல்லாவிட்டால் அவர் மறக்காத நாலு இலக்கத்தை அவரே தெரிவு செய்யட்டும். அந்த இலக்கம் அவருடையது. உங்களுக்கு வசதி என்பதற்காக உங்கள் பிறந்த தேதியைப் போடாதீர்கள்.

2003இல் நோக்கியா 1100 என்று ஒரு போன் வந்தது. உங்களில் பலர் கைக்குழந்தைகள், பலர் பிறக்கவேயில்லை. 86 கிராம் எடை. தூசி புகாதபடி ஒரே துண்டாக மூடிய பொத்தான்கள், ஈரக் கையிலும் வழுக்காத ஓரங்கள், தலையில் ஒரு டார்ச் விளக்கு. வளரும் நாடுகளில் வெயிலிலும் மழையிலும் வேலை செய்யும் மக்களை மனதில் வைத்தே அதை வடிவமைத்தார்கள். 25 கோடிக்கு மேல் விற்று, உலகில் மிக அதிகம் விற்ற போன்களில் ஒன்றானது. நம் மலைகளிலும் விடியற்காலையில் வேலை பிரிக்கும் பிரட்டுக்குப் போகிறவர்களுக்கு அந்த டார்ச்தான் வழி காட்டியது. உழைக்கும் கையை அளவாக வைத்துப் போன் செய்ய முடியும், செய்தால் விற்கவும் விற்கும் என்பதற்கு அது சாட்சி. இன்றைய போன் ஆயிரம் வேலை செய்கிறது, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. டோஹாவில் இருக்கும் மகளின் முகத்தை அந்தப் பழைய போன் காட்டியிருக்காது. ஆனால் இன்றைய வடிவமைப்பாளரின் மேசையில் நம் அம்மாவின் கை இல்லை. அதனால்தான் வாங்குகிற நீங்கள் அதை நினைவில் வைத்திருக்க வேண்டியிருக்கிறது.

அடுத்தது சிக்னல். கொழும்பில் இரண்டு நாள் நிற்கும் பேட்டரி தோட்டத்தில் ஒரே நாளில் இறங்குவதை நீங்களே லீவில் வரும்போது கண்டிருப்பீர்கள். போன் கெட்டுப்போகவில்லை. டவர் தூரமாக இருந்தாலும் நடுவே மலை மறைத்தாலும் போன் தன் சக்தியைக் கூட்டி ஓயாமல் டவரைத் தேடும், தேடித் தேடியே பேட்டரி கரையும். லயத்தின் தகரக் கூரை வேறு அலையைத் திருப்பிவிடும். அதனால்தான் காம்பிரா அறைக்குள் கிடைக்காத அழைப்பு இஸ்தோப்புத் திண்ணைக்கு வந்தால் கிடைக்கிறது. ஒரு தோட்டத்தின் மேல் பிரிவான மேல் கணக்கில் டயலொக் எடுக்கும், பணிய கணக்கில் மொபிட்டல்தான் எடுக்கும், தொங்கல் லயத்தில் ஹட்ச் மட்டும் எடுக்கும். ஆகவே போன் வாங்கும்முன் வீட்டுக்கு ஒரு அழைப்பு எடுத்து, அந்த லயத்தில் எந்த சிம் வேலை செய்கிறது என்று கேளுங்கள். இரண்டு சிம் போடும் போனாகவே வாங்குங்கள். 4ஜியே விட்டு விட்டு வரும் இடத்தில் 5ஜிக்கென்று கூடுதல் காசு கொடுப்பது வீண், இதில் எனக்கு இரண்டு எண்ணம் இல்லை. அந்தக் காசுக்கு ஒரு நல்ல பவர் பேங்க் வாங்கலாம்.

பவர் பேங்க் என்று சொல்லும்போது 2025 நவம்பர் கடைசி நாட்கள்தான் நினைவுக்கு வருகின்றன. டித்வா புயலில் நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் மலைகள் சரிந்தன. மின்சாரம் போனது, டவர்கள் அடங்கின, நீங்கள் கொழும்பிலிருந்து எடுத்த அழைப்புகள் எதுவும் கிடைக்கவில்லை. அந்த நாட்களில் உங்கள் நெஞ்சு எப்படி அடித்திருக்கும் என்று எனக்குத் தெரியும். எச்சரிக்கைகள் தமிழில் உரிய நேரத்துக்கு வரவில்லை என்ற குறையும் அப்போது பலமாக எழுந்தது. டவர் இல்லாத நேரத்தில் ஸ்மார்ட் போனிடம் எஞ்சுவது மூன்று: விளக்கு, பேட்டரி, இருந்தால் எப்.எம். வானொலி. வானொலிக்கு இணையமும் வேண்டாம், ரீலோடும் வேண்டாம். சூரியனோ சக்தியோ தென்றலோ, ஏதாவது ஒரு தமிழ்க் குரல் வீட்டுக்குள் வரும். போனில் எப்.எம். கேட்க இயர்போன் வயரே அன்டனாவாக வேலை செய்கிறது. வட்டத் துளையை எடுத்துவிட்ட போன்கள் பலவற்றில் அந்த வசதியும் சேர்ந்தே போகிறது. அந்தத் துளை இல்லாததைப் பற்றிப் பிறகு சொல்கிறேன் என்றேனே, காரணம் இதுதான். கொழும்பில் புளூடூத் இயர்போன் போடும் உங்களுக்கு அது சின்ன விஷயம். மண்சரிவு அபாயமுள்ள மலையடியில் குடியிருக்கும் வீட்டுக்கு அப்படியில்லை. வாங்கும் இடத்தில் எப்.எம். இருக்கிறதா என்று கேட்டு, இயர்போனைக் குத்திப் பாட வைத்துப் பாருங்கள். இல்லாத போனைத்தான் வாங்குகிறீர்கள் என்றால், சின்ன பேட்டரி ரேடியோ ஒன்றையும் சேர்த்து வாங்குங்கள்.

மொழியைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, ஆனால் செய்யாமல் விட வேண்டாம். ஆண்ட்ராய்டில் 2014 முதல் தமிழ் இருக்கிறது. இருந்தும் பெரும்பாலான போன்கள் ஆங்கிலத்திலேயே அம்மாவின் கைக்கு வருகின்றன. மொழியைத் தமிழாக்கி, எழுத்தைப் பெரிதாக்குங்கள். தமிழ் எழுத்தின் சுழியும் புள்ளியும் சின்ன அளவில் நாற்பது கடந்த கண்ணுக்குத் தெரியாது. கூகுள் 2017இல் பேசினால் எழுதும் வசதியைத் தமிழுக்குத் தந்தபோது இலங்கைத் தமிழையும் தனியாகச் சேர்த்தது. மைக் படத்தை அழுத்திப் பேசக் காட்டிக் கொடுங்கள். எழுத்துக் கூட்டி வாசிக்கத் தயங்குகிறவர் என்றால் வாட்ஸ்அப் குரல் செய்தி போதும். அஸ்வெசும உதவிப் பணம் பற்றி வரும் எஸ்.எம்.எஸ்ஸை இன்னொருவரிடம் நீட்டி வாசிக்கச் சொல்லும் நிலை நம் அம்மாமாருக்கு எவ்வளவு கூச்சம் என்பதை நான் கண்ணால் பார்க்கிறேன்.

இனி காசு. 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,350 ரூபாயானது. 2026 ஜனவரியிலிருந்து 1,550 ரூபாயும், அதற்கு மேல் அரசாங்கம் தரும் வரவுக் கொடுப்பனவு 200 ரூபாயும் சேர்த்து 1,750 என்று வரவு செலவுத் திட்டத்தில் அறிவித்தார்கள். நீங்கள் பார்த்து வைத்திருக்கும் போன் 60,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அம்மாவின் கணக்கில் அது 34 நாளுக்கு மேல். அந்த 34 நாளும் கிலோ குறையாமல் முழு நாள் பேர் விழ வேண்டும். விலையைக் கேட்டதும் அவர் முகம் வாடுவது நன்றியில்லாததால் அல்ல. மனசுக்குள் அவர் கூடைகளை எண்ணுகிறார். உங்கள் தவணை தவறினால் அது கடைசியில் அவர் தலையில்தான் விழும். கையில் இருக்கும் காசுக்குள் வாங்குங்கள். குறைந்த விலை என்று புறக்கோட்டை நடைபாதையில் பில் இல்லாமல் வாங்கவும் வேண்டாம். 2025 ஜனவரி இறுதி முதல், தொலைத்தொடர்பு ஆணைக்குழுவில் பதியாத புதுப் போன்களுக்கு இங்கே இணைப்புக் கிடைப்பதில்லை. பெட்டியில் இருக்கும் 15 இலக்க ஐ.எம்.ஈ.ஐ. எண்ணை 1909க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பினால் பதிவானதா என்று பதில் வரும். காசு கொடுக்கும் முன்பே அதைச் செய்யலாம்.

தம்பி தங்கச்சிமாரே, இவ்வளவும் எழுதியது அம்மாவுக்கு ஸ்மார்ட் போன் வேண்டாம் என்று சொல்வதற்காக அல்ல. வேண்டும், நல்லதாகவே வேண்டும். திரை வெடித்த உங்கள் பழைய போனை "வீட்டுக்குத்தானே" என்று கொடுத்துவிட்டு நீங்கள் புதிது எடுப்பதையும் நான் பார்க்கிறேன். அது சரியில்லை. இந்த மலைகளில் வெயிலிலும் மழையிலும் நின்று உங்களைப் படிக்க வைத்து, கொழும்புக்கு அனுப்பிய கைகள் அவை. புதுப் போன் முதலில் அந்தக் கைக்குப் போகட்டும்.

முடிந்தால் பெட்டியாக வாங்கி வராதீர்கள். காசோடு வந்து, ஞாயிற்றுக்கிழமை ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா டவுனில் எது பக்கமோ அங்கே அம்மாவைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போங்கள். கடைக்காரர் உங்களைப் பார்த்துப் பேசினால், அம்மாவைப் பார்த்துப் பேசச் சொல்லுங்கள். போனை அவர் கையில் கொடுத்து, விரலைக் கொஞ்சம் நனைத்துத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இடுப்பில் செருகிப் பார்க்கட்டும். கூச்சப்படுவார், பரவாயில்லை, பக்கத்தில் நில்லுங்கள். வீட்டுக்கு வந்ததும் இடர் முகாமைத்துவ நிலையத்தின் 117, சுவசெரிய அம்புலன்ஸின் 1990, கிராம சேவகரின் நம்பர், உங்கள் நம்பர் ஆகிய நாலையும் முதற்பக்கத்தில் வைத்து, அம்மாவே உங்களுக்கு ஒரு அழைப்பு எடுத்துப் பேசிய பிறகு கொழும்பு பஸ் ஏறுங்கள்.

அன்புடன்,
ஹட்டனிலிருந்து உங்கள் அண்ணன்